பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமை: கண்டுபிடிப்பது எப்படி, தடுப்பது எப்படி?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நம் கூட்டத்தில் தண்ணீர் லாரி, குரங்குத் தொல்லை, சீசன் நேரத்தில் வெளி வண்டிகள் நம் வாசலை அடைத்து நிற்பது, பராமரிப்புக் கட்டண பாக்கி இவற்றைத்தான் பேசுவோம். இன்று பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மனநல மருத்துவர் இல்லை. பி.காம். படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்துத் தெரிந்துகொண்டதை, கணக்கு எழுதிப் பழகிய ஒருவனின் முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். பிள்ளைகள் சண்டை போடுவார்கள். கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று சட்டையைப் பிடிப்பார்கள், மறுநாள் சேர்ந்து விளையாடுவார்கள். அதில் நாம் தலையிடவே தேவையில்லை. நான் சொல்வது வேறு. நார்வே நாட்டில் டான் ஓல்வேயஸ் என்று ஒரு உளவியலாளர் இருந்தார். இந்தத் துறையில் முன்னோடி. 1980-களின் தொடக்கத்தில் அந்த நாட்டின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்கும் என்று தெரிந்ததும், அரசாங்கமே நாடு முழுவதும் பள்ளிகளில் இயக்கம் தொடங்கியது. அதில் முன்நின்றவர் அவர். கொடுமை என்பதற்கு அவர் சொன்ன அடையாளம் மூன்று. ஒன்று, வேண்டுமென்றே செய்வது. இரண்டு, திரும்பத் திரும்பச் செய்வது. மூன்று, இருவரும் சம பலம் இல்லாமல் இருப்பது. பலம் என்றால் உடம்பு மட்டும் இல்லை. வயது, பணம், சாதி, நிறம், இங்கிலீஷ், கூட்டாளிகள் எண்ணிக்கை எல்லாமே பலம்தான்.

இதைச் செய்கிற பிள்ளைகள் இதற்குக் கொடுமை என்று பெயர் வைப்பதில்லை. "சும்மா ஓட்டினோம் அங்கிள்", "கலாய்ச்சோம்" என்பார்கள். நாமும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். ஒருவர் மட்டும் சிரித்தால் அது விளையாட்டு இல்லை.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு நார்வே வரை போக வேண்டாம். நம் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்கள் உங்களுக்கு நினைவிருக்கும்.

முதலாவது, 1996 நவம்பர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவம் படித்த நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் விடுதியில் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே அந்த நிலை. 1998-ல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. தீர்ப்பு வந்து முடிய பதினான்கு வருஷம். அந்தச் சம்பவத்தால்தான் ராகிங் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997-ல் வந்தது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ராகிங் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அடிப்பது மட்டும் இல்லை, பயமோ வெட்கமோ அவமானமோ உண்டாக்குகிற கேலியும் அந்தச் சட்டத்தில் வரும்.

இரண்டாவது, 2023 ஆகஸ்ட் 9, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. வள்ளியூரில் பிளஸ் டூ படித்த பட்டியல் சமூக மாணவரை, அதே பள்ளியில் படித்த வேறு சாதி மாணவர்கள் வெகுநாளாகத் துன்புறுத்திவந்தார்கள். அந்தப் பையன் வீட்டில் சொல்லவில்லை. சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். பள்ளியிலிருந்து கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, புகாராக எழுதியும் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு அந்த மாணவர்கள் இரவில் வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்ததுதான், நான் இங்கே சொல்லவில்லை. அடுத்த ஆண்டு பொதுத் தேர்வில் அந்த மாணவர் 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினார் என்பதை மட்டும் சொல்கிறேன். தமிழக அரசு ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் வருகைப் பதிவேடு வரை, பள்ளிக்குள் சாதி நுழையும் வழிகளை எல்லாம் அடைக்கச் சொல்லி அதில் பரிந்துரைகள் இருக்கின்றன.

இந்த இரண்டாவது சம்பவத்தை நன்றாக கவனியுங்கள். அதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, பிள்ளை வாயால் சொல்லவில்லை, ஆனால் பள்ளிக்குப் போகாமல் இருந்து சொல்லிவிட்டது. இரண்டு, புகார் கொடுத்ததோடு ஆபத்து முடியவில்லை. புகார் கொடுத்த பிறகுதான் அது பெரிதானது. நான் இன்று சொல்ல வந்தது இந்த இரண்டுதான்.

முதல் பாடம், கண்டுபிடிப்பது. வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று உடனே புரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். விசாரித்துச் சீக்கிரம் அதைத் தீர்க்க வேண்டும். அப்படியே கிடந்தால் பின்னால் எங்கோ ஒரு பெரிய தப்பு மறைந்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளிடம் தெரிகிற சின்னச் சின்ன மாற்றங்களை நாம் இப்படித்தான் ஒதுக்கி வைக்கிறோம். "வளர்ற வயசு", "பரீட்சை டென்ஷன்", "அவங்க அப்பா மாதிரி முன்கோபம்" என்று ஏதோ ஒரு பெயர் எழுதி மூடிவிடுகிறோம்.

எதை எல்லாம் கவனிப்பது? ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்று வலி, திங்கள் விடுமுறை என்றால் வலி இல்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுவது. பள்ளிக் கழிப்பறைக்குள் போகப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். டிபன் பாக்ஸ் காலி, ஆனாலும் அகோரப் பசி. குடை, மழைக்கோட்டு, பேனா அடிக்கடி "தொலைந்து" போவது. காரணம் சொல்லாமல் காசு கேட்பது. வழக்கமான வேனில் போக மாட்டேன், நடந்தே போகிறேன் என்பது. போனில் செய்தி வந்த சத்தம் கேட்டாலே முகம் மாறுவது. நேற்று வரை தினமும் பெயர் சொன்ன நண்பனைப் பற்றி இப்போது பேச்சே இல்லாமல் போவது.

நம் ஊருக்கென்று இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சமவெளியில் பிள்ளை அரைக்கைச் சட்டையோடு இருக்கும், கையில் காயம் இருந்தால் தெரியும். கொடைக்கானலில் வருஷம் முழுக்க ஸ்வெட்டர். முழங்கைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தாய்க்குக்கூடத் தெரியாது. துவைக்கப் போடும்போது ஸ்வெட்டரில் கிழிசல், பட்டன் பிய்ந்திருப்பது, பேனா மை கொட்டியிருப்பது, இதை எல்லாம் ஒரு நிமிஷம் பாருங்கள்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பதற வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், இரண்டு வாரம் நீடித்தால், விசாரியுங்கள்.

விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது எல்லாம் கண்ணில் படாது. 1901-லிருந்தே விடுதிப் பள்ளி இருக்கும் ஊர் நம்முடையது. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வந்து படிக்கிறார்கள், நம் பிள்ளைகள் மதுரை, கோவை என்று போய்ப் படிக்கிறார்கள். வாரம் ஒரு முறை போன் பேசும்போது பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பிள்ளை எதைச் சொல்ல முடியும்? அதனால் முன்கூட்டியே ஒரு குறிப்புச் சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டிக்குக் கால் வலி எப்படி இருக்கு?" என்று பிள்ளை கேட்டால், உடனே நேரில் வா என்று அர்த்தம். செலவு இல்லாத ஏற்பாடு.

அடுத்து, பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் நாம் முதலில் என்ன கேட்போம் என்று அவர்களுக்குத் தெரியும். "நீ என்ன பண்ணினே?", "உன்னை மட்டும் ஏன் பண்றாங்க?", "திருப்பி ஒண்ணு குடுக்க வேண்டியதுதானே?", "இதுக்குத்தான் போன் வாங்கித் தர வேண்டாம்னு சொன்னேன்." முதல் இரண்டு கேள்வியும் பழியைப் பிள்ளை மேலேயே போடுகிறது. மூன்றாவது, முடியாததைச் செய்யச் சொல்கிறது. நான்காவது, சொன்னதற்குத் தண்டனை கொடுக்கிறது. இதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது.

அதற்குப் பதிலாக மூன்றே வாக்கியம் போதும். "சொன்னது நல்லதாப் போச்சு." "இது உன் தப்பு இல்லை." "உன்னைக் கேக்காம நான் எதுவும் செய்ய மாட்டேன், ஆனா சும்மாவும் இருக்க மாட்டேன்." நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரணை மாதிரி கேட்காதீர்கள். ஏரியைச் சுற்றி நடக்கும்போது, வண்டியில் போகும்போது, காய் நறுக்கும்போது பிள்ளைகள் தானாகப் பேசுவார்கள்.

இனி இரண்டாவது பாடம், சொன்ன பிறகு என்ன செய்வது. எழுதி வையுங்கள். தேதி, நேரம், இடம், யார் செய்தது, யார் பார்த்தது. பத்து நாள் கழித்து வாயால் சொன்னால் "சின்னப் பசங்க சண்டை" என்பார்கள். நோட்டில் ஏழு தேதி இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. போனில் வந்த மோசமான செய்தி, படம் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

பள்ளிக்கு எழுத்துமூலம் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அதில் நடந்ததை மட்டும் எழுதினால் போதாது. நாங்குநேரிக்குப் பிறகு நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என் பிள்ளை பெயரை அவர்களிடம் எப்போது, எப்படிச் சொல்வீர்கள்? நாளை காலையிலிருந்து வேனிலும் இடைவேளையிலும் யார் கண்காணிப்பார்கள்? அடுத்த வாரம் எந்தத் தேதியில் மறுபடி பேசலாம்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அந்த நாட்களில் நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரோ கூடப் போய் வாருங்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி "கை குடுத்துக்கோங்க" என்று முடித்து வைப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சம பலம் உள்ளவர்களுக்குத்தான் சமாதானப் பேச்சு.

எதிர் வீட்டுப் பிள்ளைதான் செய்கிறது என்றால், மாடிப்படியில் நின்று அவர்களோடு சத்தம் போடாதீர்கள். பெரியவர்கள் சண்டை போட்டால் பிள்ளையின் விஷயம் காணாமல் போய்விடும்.

எண்கள் சில, குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம் 14417. மன நல ஆலோசனைக்கு 14416. கல்லூரி ராகிங் என்றால் 1800-180-5522. கொலை மிரட்டல், ஆயுதம், உடம்பைத் தொட்டது, ஆபாசப் படம் என்று வந்துவிட்டால் பள்ளியோடு நிறுத்தாமல் காவல் நிலையத்துக்குப் போங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் இருக்கிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்தால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

இதுவரை நம் பிள்ளை பாதிக்கப்பட்டதாக வைத்துப் பேசினேன். நம் பிள்ளையே செய்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால்? நம்மில் பலருக்கும் வாயில் வரும் முதல் வார்த்தை, "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லை." அந்த வார்த்தையை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். பொறுமையாகக் கேளுங்கள். பெல்ட்டைக் கையில் எடுக்காதீர்கள். பலம் உள்ளவன் இல்லாதவனை அடிக்கலாம் என்று அவன் ஏற்கெனவே கற்றதை நாமும் உறுதிப்படுத்துவதாக ஆகிவிடும். என்ன செய்தான் என்பதை அவன் வாயாலேயே முழுவதும் சொல்லச் சொல்லுங்கள். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள், பரப்பியதை நீக்கச் செய்யுங்கள். பிறகு வீட்டில் நாம் மற்றவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்று யோசியுங்கள். பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளைப் பற்றி, பளியர் குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றி சாப்பாட்டு மேஜையில் நாம் சொல்வதுதான் மறுநாள் வகுப்பறையில் பட்டப்பெயராக வெளியே வருகிறது.

கடைசியாக, பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2001-ல் வெளிவந்தது. கொடுமை நடந்தபோது பத்துக்கு ஒன்பது முறை சுற்றிலும் மற்ற பிள்ளைகள் இருந்தார்கள். தடுத்தது ஐந்தில் ஒரு முறைதான். ஆனால் ஒரு பிள்ளை குறுக்கே வந்து ஏதாவது சொன்னபோது, பாதிக்கு மேற்பட்ட முறை பத்து விநாடிக்குள் அது நின்றுவிட்டது. பத்து விநாடி! பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா என்ற பள்ளித் திட்டமும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை மாற்றுவதையே அடிப்படையாகக் கொண்டது. அடிப்பவனுக்கு வேண்டியது கைதட்டல். அது கிடைக்காவிட்டால் அவனுக்கு அதில் சுவாரஸ்யம் போய்விடும்.

அதனால் உங்கள் பிள்ளைகளிடம் "நீ அந்த வம்புக்குப் போகாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சிரிக்காதே, வீடியோ எடுக்காதே, அனுப்பாதே, அந்தப் பையனை "வாடா போலாம்" என்று கூட்டிக்கொண்டு வா, பெரியவர்களிடம் சொல், அது கோள் சொல்வது ஆகாது என்று சொல்லிக் கொடுங்கள்.

நாமும் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான். நம் குடியிருப்பில் வேன் நிற்கும் இடம், மொட்டை மாடி, கார் நிறுத்துமிடம், பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு, எல்லாம் யாராவது ஒருவர் கண்ணில் படும் இடங்கள். "நமக்கேன், அவங்க வீட்டு விஷயம்" என்று போகிறோம். காவலாளி வீட்டுப் பிள்ளையும், வேலைக்கு வரும் அம்மாவோடு வரும் பிள்ளையும் நம் வளாகத்தில்தான் விளையாடுகின்றன. பந்து பொறுக்க மட்டும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது, ஊஞ்சலில் ஏறினால் இறக்கி விடுவது, அப்பாவின் வேலையைச் சொல்லிக் கூப்பிடுவது, இதுவும் நான் சொன்ன மூன்று அடையாளத்துக்குள் வருகிறது. அந்தப் பிள்ளையின் அப்பா நம்மிடம் புகார் சொல்ல வர மாட்டார், அவருக்கு வேலை பயம். அதனால் அந்தப் பிள்ளைக்காகப் பேச வேண்டியது நாம்தான்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் நான்கு. ஒன்று, பிள்ளைகள் நேரடியாக வந்து சொல்லக்கூடிய இரண்டு பேரை, ஒரு பெண்மணி, ஒரு ஆண், நியமித்து அறிவிப்புப் பலகையில் பெயர் போடுங்கள். இரண்டு, காலையும் மாலையும் வேன் வரும் கால் மணி நேரம் பெரியவர் ஒருவர் கீழே நிற்க முறை வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம், எப்படியும் வெயில் காய இறங்குகிறோம். முதல் வாரம் நான் நிற்கிறேன். மூன்று, விளையாட்டு இடம் இந்த வளாகத்துக்குள் வாழும், வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது என்று தீர்மானமாக எழுதுங்கள். நான்கு, இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குள் புகார் வந்தால் அந்த வீட்டார் நேரடியாக மோதாமல், அந்த இருவர் மூலம் பேச வேண்டும்.

இதற்குப் பணம் ஒதுக்க வேண்டாம், பொதுக்குழு கூட்ட வேண்டாம். முறை நிற்க விருப்பம் உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.